பதினேழாம் அத்தியாயம் இல்லாதவள்

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கட்சி மாறி என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் எங்கள் வாசகர் வட்டத்தில், எல்லோர் முன்னாலும், டீ வருவதற்கு முன்பே.

நான் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. எந்தக் கொடியையும் பிடித்ததில்லை. ஒரு நாவலில் வருகிற பெண்ணைப் பற்றி நாற்பது வருஷமாக ஒன்று சொல்லி வந்தேன். இப்போது வேறொன்று சொல்கிறேன். அவ்வளவுதான் குற்றம்.

ஆமாம், மாறிவிட்டேன். அதற்கென்ன?

மூக்குக் கண்ணாடியின் பவரை மாற்றுகிறோம். ரத்த அழுத்த மாத்திரையை மாற்றுகிறோம். டாக்டரையே மாற்றுகிறோம். கருத்தை மட்டும் கூறைப் புடவை மாதிரி பெட்டியில் பூட்டிவைத்து, பாச்சை உருண்டை போட்டுக் காப்பாற்ற வேண்டுமா?

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாவலின் பெயர் வேண்டாம். சொன்னால் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துகொண்டு எனக்கு எழுதுவீர்கள். கதையை மட்டும் சொல்கிறேன். அதில் விசாலம் என்று ஒருத்தி. வக்கீல் வீட்டு மனைவி. நல்ல வீடு, கிணற்றில் வற்றாத தண்ணீர், உரத்துப் பேசாத கணவர். ஒரு நாள் ராத்திரி, பால் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் விடிகிறது. விசாலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள், கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு. போயே போய்விடுகிறாள். பக்கத்து ஊரில் தையல் வகுப்பு வைத்துப் பிழைக்கிறாள். வக்கீல் வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஏன் போனாள்? ஒரு வார்த்தை கிடையாது.

இது சென்னையில் ஒரு வார இதழில் தொடர்கதையாக வந்தது. அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை ரயிலில்தான் வரும். எங்கள் கரமனைத் தெருவுக்கு ஓர் இதழ். அது வீடு வீடாகப் போய், சாம்பார்க் கறையோடு கடைசி வீட்டுக்கு வந்து சேரும். தொடர் முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, நூல் கோத்து, அட்டை போட்டு பைண்டு செய்து வட்டத்தின் அலமாரியில் வைப்போம். விளம்பரத்தை எடுத்துவிடுவோம். முன்கதைச் சுருக்கத்தையும் கத்தரித்துவிடுவோம். கதையே கையில் இருக்கும்போது சுருக்கம் எதற்கு?

அந்த ஒரே பைண்டு வால்யூமைத்தான் இந்தத் தெருவில் மூன்று தலைமுறை படித்தது. மூன்று தலைமுறையும் விசாலத்தைத் திட்டியது.

முன்வரிசையில் நின்று திட்டியவன் நான்.

நான் எதையும் எண்ணுகிறவன் என்பது நான் எழுதும் இந்தப் பத்தியை இதழ்தோறும் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பிடித்த வியாதி. பென்ஷனோடு சேர்ந்து அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. எனவே விசாலத்தின் கணவர் நாவல் முழுவதிலும் எத்தனை முறை குரலை உயர்த்துகிறார் என்று அந்தக் காலத்திலேயே எண்ணி வைத்திருந்தேன். இரண்டே முறை. அதிலும் ஒன்று குமாஸ்தாவிடம். "இப்படிப்பட்ட மனுஷனை விட்டுப் போனவள் அடங்காப்பிடாரி அல்லாமல் வேறென்ன?" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கேட்பேன். நல்ல கைதட்டல் கிடைக்கும்.

ஒரு தமிழ்ப் பேராசிரியர் மட்டும் எதிர்க்கட்சி. "காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் ஆசிரியரின் கலை. அந்த மௌனம் இருக்கிறதே..." என்று கண்ணை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தைப் பற்றிப் பதினான்கு பக்கக் கட்டுரையும் எழுதினார். அதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார். அன்றைக்கு மின்விசிறி வேறு ஓடவில்லை.

நிற்க. இப்போது ராஜம் வருகிறாள்.

ராஜம் என் தங்கை. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குப் போனவள், இந்த வருஷம் ஓய்வு பெற்றாள். அவள் கணவர் நீலகண்டன் எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர். பாங்க்கில் இருந்தவர். குடி கிடையாது, சீட்டுக் கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். ஒரே பிள்ளை பம்பாயில்.

ஆபீசில் மாலை போட்டு, பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை ராஜம் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். நாலு நாள் இருக்கட்டும், பாவம், அலுப்பு என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சொன்னாள்.

"அண்ணா, நான் இனிமே அந்த ஆத்துக்குப் போகலை. தனியா ஒரு ரூம் பாத்துண்டிருக்கேன்."

என் கையில் காபி டம்ளர் இருந்தது. கொட்டவில்லை. கொட்டியிருந்தால் பேசுவதற்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

"நீலகண்டன் ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே."

"அடிச்சாரா?"

"சே. அவரா? கொசுவைக் கூட ஊதித்தான் விடுவார்."

"பின்னே என்ன காரணம்?"

"காரணம் இல்லைண்ணா. இருந்தா சொல்லமாட்டேனா? மாலையைக் கழட்டி மாட்டிட்டு ஊஞ்சல்லே உக்காந்தேன். இத்தனை வருஷம் பாதி நாள் எக்சேஞ்சிலே, பாதி நாள் ஆத்திலே. நாளைலேர்ந்து முழு நாளும் இங்கதானான்னு தோணித்து. மூச்சு முட்டித்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எனக்கு வந்ததே கோபம்.

"நீ என்ன விசாலமா?" என்றேன். எங்கள் குடும்பத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

ராஜம் சிரித்தாள். "நாப்பது வருஷமா அவளை வெறுதே, சும்மா திட்டிண்டே இருக்கேளே, கடைசியா எப்போ படிச்சேள்?"

யோசித்துப் பார்த்தேன். கடைசியாகப் படித்தபோது எனக்குத் தலை முழுக்க முடி இருந்தது.

அன்றே போய் பைண்டு வால்யூமை எடுத்துவந்தேன். ராஜத்தின் வாயை அடைக்கத்தான். விசாலத்தின் தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணி அவள் முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கை நம் பேச்சைக் கேட்குமா?

பாதியிலேயே என்னவோ உறுத்தியது. வீட்டில் எல்லோரும் விசாலத்திடம் ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள். சரி, கேள்விகளை எண்ணுவோம் என்று மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

மற்றவர்கள் அவளிடம் கேட்கும் கேள்விகள் நூற்றுப் பன்னிரண்டு. என் கண்ணாடி எங்கே, கேஸ் கட்டு எங்கே, அப்பாவின் கஷாயம் ஆச்சா, வெந்நீர் ஆச்சா, சாவி யாரிடம் கொடுத்தாய், இன்றைக்கு என்ன குழம்பு. எல்லாமே மரியாதையான கேள்விகள்தான். வக்கீல் 'அம்மா' போட்டுக்கூடக் கேட்கிறார். ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்றோ, நீ என்ன நினைக்கிறாய் என்றோ ஒரு கேள்வி? பூஜ்யம். எனக்கே சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினேன். பூஜ்யத்தை இரண்டு முறை எண்ணினாலும் பூஜ்யம்தான்.

பிறகு அந்த பஸ் வருகிறது. கண்டக்டர் குனிந்து, "எங்கேம்மா போகணும்?" என்று கேட்கிறார்.

அது அவர் தொழில். எல்லோரிடமும் கேட்பார். இருந்தாலும் நாவலிலேயே முதல் முறையாக ஒருவர் அவள் எங்கே போக விரும்புகிறாள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்து நிற்கிறார். விசாலம் உடனே பதில் சொல்வதில்லை. பஸ் முழுக்கக் காத்திருக்கிறது. நாற்பது வருஷமாக நான், 'பார், எங்கே போகிறோம் என்றுகூடத் தெரியாமல் கிளம்பியிருக்கிறாள், திமிரைப் பார்' என்று சொல்லிவந்த இடம் அது.

இந்த முறை அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். தெருவில் ஒன்றுமில்லை. ஒரு பசு நின்றது. பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

"என்ன எண்ணிண்டிருந்தேள், வாயெல்லாம் முணுமுணுன்னு?" என்று என் மனைவி மங்களம் சமையலறையிலிருந்து கேட்டாள்.

சொன்னேன்.

கடுகைத் தாளித்துக் கொட்டினாள். பிறகு, "இந்த ஆத்திலேயும் ஒரு நாள் எண்ணிப் பாருங்களேன். உங்களுக்கும் பொழுது போகும்" என்றாள்.

எண்ணவில்லை. சில கணக்குகளை ஆரம்பிக்கக் கூடாது.

ஆனால் விசாலம் விஷயத்தில் நான் மாறியது அந்த நிமிஷம்தான். இதை வாசகர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இதற்குப் பத்து நாள் கழித்து, பகவதி டீச்சர் நாகர்கோவில் போய்விட்டு வந்தார். டீச்சர் எங்கள் வட்டத்தின் ஒரே பெண் உறுப்பினர். நாஞ்சில் நாட்டுக்காரர், தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தவர். அங்கே புத்தகக் கண்காட்சியில் நம் நாவலைப் புதுப் பதிப்பாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். பஸ்ஸிலேயே படித்தும் முடித்துவிட்டார். நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இதுல ஒரு அத்தியாயம் கூடுதலா இருக்கு."

"கூடுதலா எப்படி இருக்கும்?"

"நம்ம வால்யூம்ல ஒண்ணு குறைவு. பதினேழு இல்ல."

"இருக்கே. பென்சில்லே போட்டிருக்கே."

"அந்தப் பென்சில் யாருக்கது?"

என்னுடையதுதான். பைண்டு செய்தபோது பார்த்தால், பதினாறுக்கு அடுத்து பதினெட்டு என்று இருந்தது. எண்ணுகிறவன் கண்ணில் படாமல் போகுமா? அச்சகத்துக்காரனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, பதினெட்டைப் பதினேழாக்கி, அப்படியே கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாகத் திருத்திவைத்தேன். அலுவலகத்தில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

டீச்சர் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, நடந்தது இதுதான். அந்த வாரம் செங்கோட்டைப் பக்கம் மழையில் மண் சரிந்து ரயில் வரவில்லை. பத்திரிகைக் கட்டும் வரவில்லை; இதழ் எப்போதும் பிந்தியே வந்து சேர்கிற தெருவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வாரத்து முன்கதைச் சுருக்கத்தில் விஷயம் இருந்திருக்கும். அதைப் படிக்காமலே கத்தரித்துவிட்டோம். ராத்திரி டம்ளரைக் கவிழ்த்தாள், காலையில் பஸ் ஏறினாள் என்று கதையும் தடங்கலில்லாமல் ஓடிவிட்டது. பேராசிரியர் பதினான்கு பக்கம் எழுதிய மௌனம், ஆசிரியருடைய மௌனம் அல்ல. ரயில்வேயினுடையது.

விடுபட்ட அத்தியாயத்தில் என்ன இருந்தது? வக்கீலுக்கு வேறோர் ஊரில் இன்னொரு குடும்பம். விசாலம் போய்த் தன் கண்ணாலேயே பார்க்கிறாள். திரும்பி வந்து கேட்கிறாள். குரலை உயர்த்தாத அந்த மனுஷர் கையை உயர்த்துகிறார். அதன் பிறகு விசாலம் அதை யாரிடமும் சொல்வதில்லை. பின்னால் வரும் அத்தியாயங்களில் வாசகரிடம்கூட.

போன ஞாயிறு வட்டம் கூடியது. எல்லோரும் புதுப் பதிப்பைச் சுற்றில் விட்டுப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். மாடி அறை நிறைந்துவிட்டது. பேராசிரியர் மட்டும் வரவில்லை. பல்வலியாம்.

நீலகண்டன் எழுந்தார். முகம் வாடியிருந்தது. சட்டையில் இஸ்திரி இல்லை. அதையும் எல்லோரும் கவனித்தார்கள்.

"நாம எல்லாரும் ஒரு பாவமும் அறியாத பொண்ணை இத்தனை வருஷம் திட்டியிருக்கோம். இன்னிக்கு இந்த வட்டத்தின் சார்பா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவளுக்குக் காரணம் இருந்தது. பதினேழாம் அத்தியாயம் இருந்தது." தண்ணீர் குடித்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். பதினேழாம் அத்தியாயம் இருக்கறவ போகலாம். இல்லாதவ போனா அது என்ன நியாயம்?"

நாவலைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எல்லோரும் பாவித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"நான் குடிச்சேனா? கை நீட்டினேனா? அவ பாஸ்புக்கைத் தொட்டேனா? பம்பாயிலேர்ந்து பிள்ளை போன் பண்ணி, அம்மாவை டாக்டர்கிட்ட காட்டுங்கோங்கறான். என்ன வியாதின்னு காட்டறது?" நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க சொல்லுங்கோ. நீங்கதான் அவளுக்கு அண்ணா. இந்த வட்டத்திலேயும் பெரியவர்."

எழுந்தேன். முழங்கால் வழக்கம்போல ஒரு சத்தம் போட்டது.

"விசாலம் போனது சரின்னு நான் முடிவு பண்ணினது பதினேழாம் அத்தியாயம் படிக்கறதுக்கு முந்தி. டீச்சர் புஸ்தகம் கொண்டு வரதுக்கும் முந்தி. அந்த அத்தியாயம் இல்லாத நம்ம பழைய வால்யூமைப் படிச்சுத்தான். பதினேழைக் கிழிச்சு எறிஞ்சாலும் அவ போனது சரிதான்."

"எப்படி சார் சரி? காரணமே இல்லாமயா?"

"எல்லாருமாச் சேர்ந்து நூத்திப் பன்னெண்டு கேள்வி கேட்டிருக்கா அவகிட்டே. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தர் கேக்கலை. அதை ஒரு அத்தியாயமா எழுத முடியாது. புஸ்தகம் பூராவும் பரவிக் கிடக்கு. அதான் நம்ம கண்ணிலே படலை."

"இந்த மேசையைத் தட்டித் தட்டி அவளை அடங்காப்பிடாரின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்போ?"

"அப்போ தப்பாச் சொன்னேன். வேணும்னா மேசைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"இது கட்சி மாறறது சார். தங்கைக்காகக் கட்சி மாறறேள்."

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. எங்கேயோ பின்வரிசையில் இருந்து "சத்தியமாக்கும்" என்று ஒரு குரல். இன்னொருவர், "காரணம் இல்லாம ஒருத்தி போகலாம்னா, நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பிடமாட்டாளா?" என்றார்.

பகவதி டீச்சர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அவ்வளவு பேரு போவாண்ணு இவாளுக்கே தெரிஞ்சிருக்கு, பாருங்க."

டீ வந்தது. நல்லவேளை.

ஆனால் அன்றைய விஷயம் மாடியோடு முடியவில்லை. படி இறங்கும்போது நீலகண்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே வேறு யாரும் இல்லை.

"சார், கூட்டத்திலே பேசினதை விடுங்கோ. நான் என்ன பண்ணினேன்னு மட்டும் அவகிட்டே கேட்டுச் சொல்லுங்கோ. திருத்திக்கறேன்."

"ஒண்ணும் பண்ணலைன்னுதான் அவளும் சொல்றா."

"அப்போ ஒரு உபகாரம் பண்ணுங்கோ. அந்த ரூம்காரம்மா, அண்ணா நேரிலே வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் ரூம் தருவேன்னு சொல்லியிருக்காளாமே. செவ்வாக்கிழமைக்குள்ளே. இல்லேன்னா வேற யாருக்கோ கொடுத்துடுவாளாம். நீங்க ஒண்ணும் பேசவேண்டாம். போகாம இருந்தா மட்டும் போறும். ஒத்தைப் பொம்மனாட்டிக்கு இந்த ஊர்லே வேற யாரு ரூம் தருவா? தானே திரும்பி வந்துடுவா."

அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கியிருந்தது. எத்தனையோ வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து விசாலத்தைத் திட்டியவர்.

சும்மா இருப்பது எவ்வளவு சுலபமான வேலை. செவ்வாய்க்கிழமை முழங்கால் வலி என்று படுத்துவிட்டால் போதும். பொய்யும் இல்லை, நிஜமாகவே வலிக்கிறது. என் தங்கையின் மிச்ச வாழ்க்கை என் முழங்காலில் வந்து நின்றது.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது ராஜத்திடம் சொல்லிப் பார்த்தேன். "தனி ரூம் எதுக்கு? இங்கயே இருந்துடேன். உன் மன்னிக்கும் ஒரு துணையாச்சு."

"இங்க இருந்தா, 'ராஜம் அண்ணா ஆத்துக்கு வந்திருக்கா'ம்பா. எப்போ திரும்பிப் போவேன்னு வாசல்லே பால்காரன்கூட கேப்பான். எனக்கு எங்கயும் வந்திருக்க வேண்டாம் அண்ணா. இருக்கணும்." பிறகு மோரை ஊற்றிக்கொண்டு, "நீங்க வரலைன்னாலும் நான் கோச்சுக்க மாட்டேன். ஆனா அந்த ஆத்துக்கும் போகமாட்டேன். தம்பானூர்லே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜிலேயாவது இருப்பேன்" என்றாள்.

மங்களம் என் இலையில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. நாளை நடக்க வேண்டியிருக்கும், சாப்பிடு என்பதுபோல வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை போனேன். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. முழங்காலோடு பேசிக்கொண்டே படியேறினேன். வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். உட்காரச் சொன்னார், நாரங்கா வெள்ளம் என்கிற எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். பிறகு மலையாளத்தில் ஆரம்பித்தார். ஆளைப் படுக்கவைத்து நாடி பார்க்கிற தோரணை.

"பர்த்தாவு மோசமாணோ?"

"அல்ல. நல்ல ஆளு."

"குடியுண்டோ?"

"இல்ல."

"அடிக்குமோ?"

"இல்ல."

"பின்னே எந்தா சாரே காரணம்?"

பக்கத்து நாற்காலியில் ராஜம் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீலகண்டனுக்கு ஒரு பதினேழாம் அத்தியாயம் எழுதிவிடுவது எவ்வளவு நேரம்? குடிக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாள் உச்சுக்கொட்டி அப்போதே சாவியைக் கொடுத்திருப்பார். ஊரும் ராஜத்தை மன்னித்திருக்கும். விசாலத்தை மன்னித்த மாதிரி.

மன்னிப்பு எதற்கு? அவள் என்ன குற்றம் செய்தாள்?

"காரணம் ஒந்நுமில்ல. அட்வான்ஸ் உண்டு" என்றேன்.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். ராஜத்தைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எனிக்கு அட்வான்ஸ் மதி" என்றார். எனக்கு அது போதும் என்று அர்த்தம். சாவி கைக்கு வந்தது.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு ஜன்னல், ஒன்றில் கொக்கி சரியில்லை. பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. சுவரில் முன்பு குடியிருந்தவர்கள் அடித்த ஆணி ஒன்பது. ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். ராஜம் எல்லாவற்றுக்கும் "சாரமில்லே, சாரமில்லே" என்றாள். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர் வார்த்தை.

கிளம்பும்போது கேட்டேன். இந்த வயதில், இத்தனை புத்தகம் படித்த பிறகு, முதல் முறையாகக் கேட்டேன்.

"ராஜம், உனக்கு என்ன வேணும்?"

"ஒரு பக்கெட், ஒரு மக்கு, ஸ்டவ்வுக்குத் திரி..."

"அதில்லை. உனக்கு என்ன வேணும்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தாள். வெளியே ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைக்கிற சத்தம்.

"அத்தனை வருஷம் ஹெட்போனை மாட்டிண்டு நான் எல்லாரையும் இதைத்தானேண்ணா கேட்டேன், என்ன நம்பர் வேணும், என்ன நம்பர் வேணும்னு. என்னை யாரும் கேட்டதில்லை. பதில் கைவசம் இல்லை." கொஞ்சம் யோசித்தாள். "யோசிச்சுச் சொல்றேன்."

"மெதுவாச் சொல்லு."

பஸ் முழுக்கக் காத்திருந்தது அல்லவா? ஒரு கிழவன் காத்திருக்க மாட்டானா?

இதையெல்லாம் எழுதலாமா என்று ராஜத்திடம் கேட்டேன். படித்துவிட்டு இரண்டு வரியை அடித்தாள். அவை இங்கே இல்லை. நீலகண்டனிடமும் கேட்டேன். "எழுதுங்கோ சார், ஆனா பேரை மாத்துங்கோ. என் பக்கத்தையும் எழுதுங்கோ" என்றார். மாற்றியிருக்கிறேன். அவர் பக்கத்தையும் எழுதியிருக்கிறேன். நல்ல மனுஷர். அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். நல்ல மனுஷரை விட்டு ஒருத்தி போகக் கூடாது என்பதைத்தான் இனிமேல் சொல்லமாட்டேன்.

நேற்று அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ரசப்பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று ராஜத்திடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சமையலறை அவ்வளவு பெரியதில்லை. தேடினால் கிடைக்கும்.

அடுத்த ஞாயிறு வட்டத்துக்குப் போவேன். கட்சி மாறி என்று இன்னொரு முறை சொல்லட்டும், எழுந்து நின்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வயதில் மாறுவதற்கு என்னிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? பல் செட்டும் கருத்தும்தான்.

உங்களில் சிலர் பேனாவை எடுத்திருப்பீர்கள். 'எல்லாம் சரி, உண்மையில் ராஜம் ஏன் போனாள்?' என்று கேட்டு எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

அந்த வாரத்து இதழ் எங்கள் ஊருக்கு வரவில்லை.